மேரிசெல்வி சொன்ன தடை

கத்தோலிக்கக் கோயில்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் நிச்சயமாகிவிட்டால், அதற்கு முந்தைய மூன்று ஞாயிறுகளில் பூசை முடிகிற நேரத்தில், இரு வீட்டார் கோயில்களிலும், சாமியார் மாப்பிள்ளை, பெண் பெயர்களைப் படிப்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் வந்து சொல்லவும் என்பார். இதற்கு ஓலை படிப்பது என்று பெயர். ஓலையெல்லாம் எப்போதோ போய்விட்டது, கம்ப்யூட்டரில் அடித்த காகிதம்தான். தடை சொல்ல யாரும் போவதும் கிடையாது. அந்த நேரத்தில் பாதிப் பேருக்கு வெளியே விட்ட செருப்பின் மேல்தான் கவனம். நெய்வேலி நகரியத்துப் பங்குக் கோயிலில், ஓலைக்குத் தடை சொல்லப் போன ஒரே ஆள் மேரிசெல்விதான். அதுவும் பெற்ற மகளின் கல்யாணத்துக்கு.

ஏன் போனாள் என்றால், ஒரு பாடகிக்காக. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். மேரிசெல்விக்கு அது சிரிக்கிற விஷயமாக இருக்கவில்லை.

மேரிசெல்வி நிலக்கரிச் சுரங்கத்து கேன்டீனில் சமையல் வேலை பார்க்கிறாள். காண்டிராக்ட் வேலை. கணவன் லியோவும் வெகுகாலம் காண்டிராக்டில் இருந்து, கன்வேயர் பெல்ட் பக்கம் பர்மனென்ட் ஆனவன். பர்மனென்ட் ஆகி குவார்ட்டர்ஸும் கிடைத்த அன்று, "இனிமே நீ வேலைக்குப் போவ வேணாம் செல்வி" என்று பெருமையாகச் சொன்னான். "வூட்ல ஒக்காந்து உங்க மூஞ்சியப் பாத்துகினு இருக்கவா?" என்று கேட்டுவிட்டு அவள் மறுநாள் காலை ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

அவளுக்கு அந்தச் சமையல்கட்டு பிடித்திருந்தது. சேர்ந்த புதிதில் பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சேலத்துக்காரி ஒருத்தி, சிவகாசிக்காரி ஒருத்தி, கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் என்று ஆளுக்கொரு ஊர். யாரிடம் என்ன பேசுவது என்றே தெரியாமல் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்போதுதான் கூட வேலை பார்க்கிற புவனா ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து அரிசி மூட்டை மேல் வைத்தாள். அதில் சாரங்கி என்கிற பாடகியின் பாட்டு வந்தது. கிரைண்டர் சத்தத்தையும் மீறிக்கொண்டு வந்தது. கரகரவென்று, தடித்த, கொஞ்சம் மூக்கடைத்த மாதிரியான குரல். இரண்டாம் முறை பல்லவி வந்தபோது சேலமும் சிவகாசியும் கள்ளக்குறிச்சியும் சேர்ந்து பாடிக்கொண்டு இருந்தன. மேரிசெல்வியும் பாடினாள்.

மற்றவர்களுக்கு அது ஒரு பாட்டு. மேரிசெல்விக்கு அதற்கு மேல். பள்ளியில் படிக்கும்போது கோயில் பாடகர் குழுவில் சேரப் போனவளை, ஆர்மோனியம் வாசிக்கிற டீச்சர் பாதிப் பாட்டிலேயே நிறுத்தி, "உனக்குக் கட்டைக் குரல்டி. நீ பூ வைக்கிற பிள்ளைங்களோட சேந்துக்க" என்று அனுப்பிவிட்டார். அன்றையிலிருந்து பூசையில் கூட உதட்டை மட்டும்தான் அசைத்தாள். அந்த மாதிரிக் கட்டைக் குரலோடு ஒருத்தி மேடை ஏறி, கூட்டம் மொத்தமும் எழுந்து ஆடுகிறது என்றால், மேரிசெல்விக்கு அது தன் கட்சி ஜெயித்த மாதிரி. சாரங்கி யாரோ எவரோ, நேரில் பார்த்தது கிடையாது. ஆனாலும் பிரியம் வைத்துவிட்டாள். வைத்தது வைத்ததுதான்.

புவனாவின் வீட்டுக்காரருக்குத் தெரிந்த கருணாகரன் என்று ஒருவர், கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், அவரும் சாரங்கி பைத்தியம். அவர் வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கினார். 'சாரங்கி குடும்பம், நெய்வேலி.' சமையல்கட்டு மொத்தமும் அதில் சேர்ந்தது. அனல்மின் நிலையத்து ஆஷ் பிளான்ட்டிலிருந்து ஆள் வந்தது, பள்ளிக்கூட டீச்சர்கள் வந்தார்கள், மந்தாரக்குப்பத்தில் செல்போன் கடை வைத்திருப்பவர் வந்தார். பாட்டு போடுவார்கள், பிறந்தநாளுக்குக் கேக் படம் போடுவார்கள். ஆனால் அந்தக் குழுவில் பாட்டைவிட அதிகம் ஓடியது கோபம்தான்.

கோபத்துக்குக் காரணம், விமர்சனம் எழுதுகிறவர்கள். சாரங்கி என்றால் அவர்களுக்கு ஏனோ நாக்கில் அரிப்பு. ஒருவர் அவளுடைய உடையைப் பற்றி எழுதுவார். இன்னொருவர் அவள் பேட்டியில் பேசிய ஆங்கிலத்தைக் கிண்டல் செய்வார். ஒருவர் கூட உட்கார்ந்து பாட்டைக் கேட்டுவிட்டு எழுதிய மாதிரி இருக்காது. குழுவில் யாராவது கொதித்துப் போய் அந்தக் கட்டுரைக்குக் கீழே பதில் எழுதினால், எழுதியவர் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். இவர்கள் பத்து வரி எழுதுவார்கள், அங்கிருந்து ஒரு மஞ்சள் மூஞ்சி சிரிக்கும். வயிறு எரியுமா எரியாதா?

அந்தக் கூட்டத்திலேயே மோசமானவன் செவியன். சென்னையில் ஏதோ ஓர் இணைய இதழில் எழுதுகிறவன். புனைபெயர். முகம் தெரியாது, போட்டோவுக்குப் பதில் ஒரு காதுப் படம் இருக்கும். அவன் எழுதினால் சிரிப்பு வரும், அதுதான் இன்னும் எரிச்சல். சாரங்கியின் புது ஆல்பம் வந்தபோது அவன் எழுதினான்: 'சட்னி தீர்ந்த பிறகும் யாரும் நிறுத்தாமல் விட்ட மிக்ஸி மாதிரி இருக்கிறது.' அதோடு விட்டானா? 'சாரங்கியின் ரசிகர்கள் பாட்டு கேட்பவர்கள் அல்ல. வேறு வேலை செய்துகொண்டே எதையாவது ஓடவிடுகிறவர்கள்.'

மிக்ஸியைக் கூட மேரிசெல்வி பொறுத்துக்கொண்டிருப்பாள். இரண்டாவது வரி உள்ளே போய்த் தைத்தது. அரிசி மூட்டையும் ஸ்பீக்கரும் கிரைண்டரும் எல்லாம் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கூட ஒரு நிமிடம் தோன்றியது. குழுவில் அவள் வாய்ஸ் மெசேஜ் போட்டாள். "இந்தச் செவியன் மட்டும் என் கையில கெடச்சான், சாம்பார் அண்டாவக் கழுவ வுட்டுடுவேன்." எழுபது பேர் கைதட்டினார்கள்.

இதில் ஒரு சங்கடமும் இருந்தது. அந்தப் புது ஆல்பம் மேரிசெல்விக்கே பிடிக்கவில்லை. குரலை மெஷினில் போட்டு வழவழவென்று ஆக்கியிருந்தார்கள். எந்தப் பாட்டில் சாரங்கி இருக்கிறாள் என்றே தெரியவில்லை. ஆனால் குழுவில் எல்லாரும் 'சூப்பர்' 'செம' என்று போட்டுக்கொண்டு இருந்தார்கள். அவளும் 'சூப்பர்' போட்டாள். அந்தச் செவியன் திட்டியதை நாமும் திட்டினால் நாம் அவன் ஆள் ஆகிவிட மாட்டோமா? இன்னும் நாலு வாட்டி கேட்டால் பிடித்துவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு கேட்டாள். நாலு வாட்டி கேட்ட பிறகு இன்னும் அதிகமாகப் பிடிக்காமல் போனது.

இப்படி இருக்கும்போதுதான் மகள் டெய்சிக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை பெயர் கிளமென்ட். வீடு வடலூரில், வேலை சென்னையில். 'பத்திரிகையில இருக்கார்' என்றார்கள். மோட்டார் சைக்கிளில் பிரஸ் என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து லியோவுக்குத் திருப்தி. "போலீஸ்காரன் புடிக்க மாட்டான்" என்றான். அதற்கு மேல் என்ன எழுதுகிறார் ஏது எழுதுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. டெய்சிக்கும் பையனைப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்ன, இருவரும் ஒரு வருஷமாகப் பேசிக்கொண்டு இருந்துவிட்டுத்தான் தரகர் மூலம் வந்த வரன் மாதிரி வந்தார்கள் என்பது பிறகு தெரிந்த கதை.

முதல் ஓலை படித்தாயிற்று. இரண்டாம் ஓலையும் படித்தாயிற்று. அன்றைக்கு மத்தியானம் பிரியாணி தம்மில் இருந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா ஆரோக்கியமேரி சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு படத்தை அனுப்பினார். கிளமென்ட் கையில் ஒரு கேடயம். கீழே, 'செவியன் என்ற பெயரில் எழுதும் எங்கள் மகன் கிளமென்ட்டுக்குச் சிறந்த இசை விமர்சகர் பரிசு. கடவுளுக்கு நன்றி.'

மேரிசெல்வி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

"டெய்சி, இங்க வா. செவியன் யாரு?"

டெய்சியின் முகத்தைப் பார்த்ததுமே பதில் தெரிந்துவிட்டது. "அம்மா, நான் சொல்லலாம்னுதான்…"

"எப்ப சொல்லலாம்னு? பேரப்பிள்ள பொறந்தப்புறமா?"

"சொல்லியிருந்தா நீ ஒத்துகினு இருப்பியாம்மா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

உள்ளே தூங்கிக்கொண்டிருந்த லியோ எழுந்து வந்தான். நைட் ஷிஃப்ட் முடித்த ஆள். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "அந்தப் பாட்டுக்காரி நமக்கு மாமியா, மச்சியா? அவளுக்காவ நம்ம பொண்ணு கல்யாணத்துல ஏன்டி மூஞ்சியத் தூக்கிகினு இருக்க?"

"அவர் அவள மட்டுமா சொன்னாரு? என்னச் சொல்லியிருக்காரு" என்றாள் மேரிசெல்வி. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழுவதைப் பார்த்ததும் லியோ பயந்துபோய்ப் பிரியாணி என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனான்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கோயிலுக்குப் போனாள். யாரையாவது நாலு வார்த்தை கேட்டாக வேண்டும் போல இருந்தது, கேட்பதற்கு என்று சட்டப்படி ஓர் இடம் இருக்கிறது. சாமியார்தானே, வந்து சொல்லுங்கள் என்று இரண்டு வாரமாகக் கூப்பிட்டுக்கொண்டு இருக்கிறார்?

பங்குச் சாமியார் ஆபீசில் ஏதோ ரசீது பார்த்துக்கொண்டு இருந்தார். கோயில் வேலையெல்லாம் பார்க்கிற கோயில்பிள்ளை தைரியநாதன் பக்கத்தில் பூச்சாடி கழுவிக்கொண்டு இருந்தார்.

"சாமி, டெய்சி ஓலைக்குத் தடை சொல்ல வந்திருக்கேன்."

சாமியார் பேனாவைக் கீழே வைத்தார். பூச்சாடி கழுவுகிற சத்தம் நின்றது. "தைரியநாதா, நீ கொஞ்சம் வெளிய இரு" என்றார் சாமியார். தைரியநாதன் போக மனசில்லாமல் போய்க் கதவைச் சாத்தினார்.

"ஒக்காரும்மா. என்ன தடை? மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கா?"

"இல்ல சாமி."

"ரத்த உறவா?"

"இல்ல சாமி."

"பொண்ணுக்குச் சம்மதம் இல்லையா?"

"அவளுக்கு ரொம்பச் சம்மதம் சாமி. அதான் பிரச்சன."

"பின்ன என்னம்மா?"

"அவரு சாரங்கியக் கேலி பண்ணி எழுதறாரு."

சாமியார் முகத்தை ஒரு மாதிரி இறுக்கிக்கொண்டு தண்ணீர் குடித்தார். மேரிசெல்வி நடந்ததை எல்லாம் சொன்னாள். மிக்ஸி, வேறு வேலை செய்துகொண்டே எதையாவது ஓடவிடுகிறவர்கள், எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல, தான் எவ்வளவு பெரிய முட்டாள்தனம் பண்ணிக்கொண்டு இருக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் பாதியில் நிறுத்தவும் முடியவில்லை.

"இது தடை இல்லம்மா, வருத்தம்" என்றார் சாமியார். "வருத்தத்த என்கிட்ட சொல்லி என்ன பண்ண? அந்தப் பையன்கிட்டயே சொல்லு. வர்ற ஞாயித்துக்கிழம மூணாவது ஓலையப் படிச்சிடுவேன்."

மேரிசெல்வி வெட்கத்தோடு எழுந்து வந்தாள். பாரம் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. வெளியே தைரியநாதன் ஒரு பார்வை பார்த்தார். அவள் அதைக் கவனிக்கவில்லை, அதுதான் தப்பாகப் போயிற்று.

தைரியநாதன் கெட்டவர் இல்லை. வாயில் ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாதவர், அவ்வளவுதான். 'மேரிசெல்வி தடை சொல்ல வந்துச்சு, சாமி என்னை வெளிய அனுப்பிட்டாரு' என்று மட்டும் தன் மனைவியிடம் சொன்னார். அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் தடை என்றால் நகரியத்துக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். மறுநாள் காலை ஷிஃப்ட் பஸ்ஸில் அது, மாப்பிள்ளைக்குச் சென்னையில் இன்னொரு பெண்டாட்டி இருப்பதாக ஏறியது. ஆர்ச் கேட்டில் இறங்கும்போது அவளுக்கு ஒரு குழந்தையும் பிறந்திருந்தது. சாயங்காலம் வடலூர் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அந்தக் குழந்தை ஸ்கூலுக்குப் போய்க்கொண்டு இருந்தது.

ஆரோக்கியமேரி போன் செய்தார். மேரிசெல்வி ஹலோ சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"ஏங்க, எம் புள்ளைக்குப் பொண்டாட்டி இருக்குதுன்னு நீங்க சாமியார்கிட்ட போயி சொல்லிட்டு வந்தீங்களாமே? எங்க மூஞ்சியில எப்படிங்க முழிப்பீங்க? இந்தச் சம்பந்தமே வேணாம். மூணாவது ஓலைய வாசிக்க வேணாம்னு இங்க சாமியார்கிட்ட நாளைக்கே சொல்லிடறோம்."

"சம்பந்தி, நான் அப்படிச் சொல்லவே இல்லிங்க…"

"பின்ன என்னா சொன்னீங்க? சொல்லுங்க."

மேரிசெல்வி போனைக் கை மாற்றிப் பிடித்தாள். ஒரு பாட்டுக்காரிக்காகப் போனேன் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

அன்றைக்கு டெய்சி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் கூட வரவில்லை. லியோ திட்டியிருந்தால் பரவாயில்லை, அவன் டி.வி.யை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். மகள் ஆசைப்பட்டு, பொய் சொல்லி, தரகரைச் செட்டப் பண்ணி வாங்கிக்கொண்ட கல்யாணம். அதை அம்மாக்காரியே போய்க் கவிழ்த்துவிட்டு வந்திருக்கிறாள். சாரங்கி இன்றைக்கு எங்கோ விமானத்தில் போய்க்கொண்டு இருப்பாள். அவளுக்கா தெரியப்போகிறது? மேரிசெல்விக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாரங்கி மேல் கோபம் வந்தது. அதற்கும் சேர்த்து அழுதாள்.

அடுத்த நாள் மத்தியானம் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கிளமென்ட். சென்னையிலிருந்து நேராக வந்திருக்கிறான். தலைக்கவசத்தைக் கழற்றினால் முகம் முழுக்கத் தூசி. டெய்சி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல் மேரிசெல்வியைப் பார்த்து, "அத்தை, நான் என்ன பண்ணேன்னு சொல்லுங்க" என்றான். கேலி எழுதுகிற ஆள் எப்படி இருப்பான் என்று அவள் மனதில் ஒரு படம் இருந்தது. வாசலில் நிற்பவன் அப்படி இல்லை. பயந்துபோன ஒரு பையன்.

"உள்ள வாங்க தம்பி. மொதல்ல தண்ணி குடிங்க" என்றாள்.

அவன் குடித்தான். அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஒங்களுக்குப் பொண்டாட்டி இருக்குதுன்னு நான் சொல்லல. அது ஊரு கட்டுனது. ஆனா தடை சொல்லப் போனது நெசம். சட்னி தீந்த மிக்ஸின்னு எழுதுனீங்களே, அதுக்காவப் போனேன்."

கிளமென்ட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மெல்ல விளங்கியது. "சாரங்கி கட்டுரைக்கா?" என்று கேட்டான்.

"ஆமா."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அந்தக் கல்யாணம் அன்றைக்கே முடிந்திருக்கும். "அத்தை, உண்மையா சொல்லுங்க. அந்தப் புது ஆல்பம் உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

'சூப்பர்' என்று சொல்ல மேரிசெல்வி வாயைத் திறந்தாள். வரவில்லை. வேலைக்குப் போகிற வழியில், சமைக்கும்போது, குழுவில் என்று இத்தனை நாள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பொய். இனி ஒரு தடவைகூடச் சொல்ல உடம்பில் தெம்பில்லை.

"நல்லால்ல தம்பி" என்றாள். "கொஞ்சம் கூட நல்லால்ல. கொரலக் காணோம். அவ கொரல்தான எங்களுக்கு வேணும், அதைப் போயி வழிச்சு எடுத்துட்டாங்க."

சொன்னதும் செருப்புக்குள் கிடந்த கல்லை எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது. கதவருகே நின்ற டெய்சி, "அம்மா!" என்றாள் ஆச்சரியத்தோடு.

"நானும் அதைத்தானே அத்தை எழுதினேன்?"

"அதை எழுதுனீங்களா? அதை எழுதியிருந்தா நான் ஏன் சாமியார்கிட்ட போறேன்? நீங்க எங்கள எழுதுனீங்க. வேற வேலை செஞ்சிகினே எதையாவது ஓடவுடறவங்கன்னு. ஆமா, வேலை செஞ்சிகினேதான் கேக்கறோம். அடுப்ப யாரு பாத்துப்பா? கையி வேலை செஞ்சா காது கேக்காதா? அவ பாட்டு நல்லால்லன்னு நாங்க சொல்லிக்கலாம், நீங்களும் சொல்லுங்க, அது ஒங்க வேலை. அவளப் புடிச்சிருக்கிற எங்களப் பாத்து ஏன் சிரிக்கிறீங்க? நீங்க எழுதறப்பல்லாம் நாங்க அவ என்ன பண்ணாலும் சூப்பர் சூப்பர்னு சொல்ல வேண்டியதாப் போவுது. பிடிக்கலன்னு வாயத் தொறந்து சொல்ல முடியல. எங்க வாய அடைச்சதே நீங்கதான்."

கிளமென்ட் தம்ளரைக் கீழே வைத்தான். "அந்த வரி சும்மா சிரிப்பு வரட்டும்னு எழுதினது. யாராவது ஒரு ஆள் உட்கார்ந்து படிச்சு வருத்தப்படுவாங்கன்னு நினைக்கல. அது தப்புதான், அத்தை. எங்க அம்மா கூட மிஷின்ல தைச்சுக்கிட்டேதான் பாட்டு கேப்பாங்க. அதை நான் யோசிக்கவே இல்ல."

அவன் முகம் நிஜமாகவே வாடியிருந்தது. மேரிசெல்விக்கு அந்த நிமிடமே கோபம் போய்விட்டது. அவளுக்குக் கோபம் சீக்கிரம் வரும், யாராவது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதைவிடச் சீக்கிரம் போய்விடும்.

"வேணும்னா திருத்தி எழுதிடறேன்."

"எழுதறதெல்லாம் அப்புறம் எழுதிக்குங்க. மொதல்ல ஒங்க அம்மாகிட்ட போயி, ஒங்களுக்குப் பொண்டாட்டி இல்லன்னு சொல்லணும். வண்டிய எடுங்க."

சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லிவிட்ட வீட்டுக்கு, மாப்பிள்ளையின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து மாமியார் போவது நகரியத்தில் யாரும் பார்க்காத காட்சி. தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். வடலூர் போகிற வழியெல்லாம் அவள் புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். ஆரோக்கியமேரி வாசலுக்கு வந்ததும் ஒத்திகை எல்லாம் மறந்துபோய், "சம்பந்தி, நான் ஒரு பாட்டுக்காரிக்காவத் தடை சொல்லப் போனேங்க, வேற ஒண்ணும் இல்லிங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

ஆரோக்கியமேரி அவளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "பாட்டுக்காரிக்கா?"

"ஆமாம்மா. நான் கேலி பண்ணி எழுதினேன். அத்தைக்கு அவங்கன்னா ரொம்பப் பிடிக்கும்."

"அப்ப, பொண்டாட்டி கிண்டாட்டி ஒண்ணும் இல்லியே?"

"என்னம்மா நீயே கேக்கற?"

ஆரோக்கியமேரி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாரா சிரித்தாரா தெரியவில்லை, தோள் குலுங்கியது. "ஊரு சொல்லும்போது சண்டைக்குப் போனேன். வூட்டுக்குள்ள வந்ததும் எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க. தனியாச் சென்னையில இருக்கிற புள்ள, யாருக்குத் தெரியும்? இவன் இங்க வெச்சிட்டுப் போன பைய எல்லாம் கொட்டிப் பாத்துட்டேன், ஏதாவது சின்னப் புள்ள சட்டை இருக்குதான்னு. மாதாவே! பாட்டுக்காரிக்காவப் போனீங்களா? நல்லாப் போனீங்க. உள்ள வாங்க, காப்பி போடறேன்."

இரண்டு அம்மாக்களும் அன்றைக்குக் காப்பி குடித்துக்கொண்டு பேசிய பேச்சில் பாதி, கிளமென்ட் சின்ன வயதில் பண்ணிய சேட்டைகளைப் பற்றி. அவன் அதைக் கேட்க முடியாமல் டெய்சிக்குப் போன் பண்ண வெளியே போனான். அந்தப் பக்கம் டெய்சி விக்கி விக்கி அழுதாள், பிறகு சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. எப்போதும் நடுப் பூசையில் நழுவிப் போகிறவர்கள் கூட அன்றைக்கு அசையவில்லை, செருப்பை யாரும் நினைக்கவில்லை. சாமியார் காகிதத்தை எடுத்து, டெய்சி, கிளமென்ட் பெயர்களைப் படித்து, "இது மூன்றாம் ஓலை. இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள்" என்று சொல்லிவிட்டு வேண்டுமென்றே கொஞ்சம் நிறுத்தினார். கோயில் மொத்தமும் திரும்பி மேரிசெல்வியைப் பார்த்தது. அவளுக்குக் காது வரை சூடேறியது. மடியில் இருந்த கையை மெல்லத் தூக்கி, இல்லை என்று ஆட்டினாள். தைரியநாதன் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சாமியாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு மீதியைப் படித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெய்சி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பூசை முடிகிற வரை விடவில்லை. இறுதிப் பாட்டு வந்தபோது மேரிசெல்வி உதட்டை மட்டும் அசைக்காமல், தன் கட்டைக் குரலில் சத்தமாகவே பாடினாள். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்து புடவை கூட மாற்றாமல் அவள் 'சாரங்கி குடும்பம்' குழுவைத் திறந்தாள். அங்கே அப்போதும் யாரோ புதுப் பாட்டைப் போட்டு, கீழே வரிசையாக 'சூப்பர்' ஓடிக்கொண்டு இருந்தது. மேரிசெல்வி வாய்ஸ் மெசேஜ் அழுத்தினாள்.

"எல்லாரும் கோச்சிக்காதீங்க. எனக்குச் சாரங்கி உசுரு. ஆனா இந்த ஆல்பம் நல்லால்ல. இன்னிக்கு மனசு வுட்டுச் சொல்லிட்டேன், அவ்ளோதான்."

அனுப்பிவிட்டுப் போனைக் கட்டிலில் போட்டாள். குழுவை விட்டு நீக்கிவிடுவார்கள் என்றுதான் நினைத்தாள். எல்லாரும் கேட்டுவிட்டதற்கு நீல அடையாளம் வந்தது. பிறகு புவனாவிடமிருந்து பதில் வந்தது.

"அக்கா, எனக்கும்தான். நீங்க சூப்பர்னு போட்டீங்களேன்னு நானும் போட்டேன்."

அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. நான் முதல் பாட்டோடு நிறுத்திட்டேன் என்றார் ஒரு டீச்சர். ஸ்பீக்கர்தான் கெட்டுப்போச்சுன்னு புது ஸ்பீக்கர் வாங்கிட்டேன் என்றது ஆஷ் பிளான்ட். அட்மின் கருணாகரன் கடைசியாக வந்தார். "நான் அதை ரிங்டோனா வேற வெச்சிகினு இருக்கேன். ஒவ்வொரு தடவ போன் வர்றப்பவும் வேதனையா இருக்கு. மாத்திடலாங்களா?" என்று அனுமதி கேட்டார். மாத்துங்க மாத்துங்க என்று நாற்பது பேர் எழுதினார்கள். அந்தக் குழுவில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

மேரிசெல்விக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு மறுபடியும் வாய்ஸ் மெசேஜ் அழுத்தினாள்.

"இது நமக்குள்ளதான். வெளிய எவன் கேட்டாலும் சூப்பர்."

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். புவனாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "மாப்ள கேட்டா என்னக்கா சொல்றது? அவருதான் செவியனாமே, ஊரே சொல்லுது?"

"அவருக்கு நெசத்தையே சொல்லு புவனா" என்றாள் மேரிசெல்வி. "மூணாவது ஓலை படிச்சாச்சு. அவரு இப்ப நம்ம வூட்டு ஆளு."